சேவைச் சங்கமும் குருதி வங்கியும்

பெங்களூர் நகரின் கிழக்குப் பகுதியில், அல்சூருக்குத் தெற்கே, பழைய விமான நிலையச் சாலை ஊடறுத்துச் செல்லுமிடத்தில் தொம்மலூர் அமைந்துள்ளது. மேம்பாலமும் அடுக்குமாடி வீடுகளும் கணினித் தொழில் நிலையங்களும் இன்று அதன் முகத்தை மாற்றிவிட்டன. ஆயினும் ஊரின் நடுவே சொக்கநாதசுவாமி கோயில் இன்றும் நிற்கிறது. மதுரையில் சொக்கநாதர் என்றால் சிவபெருமான். தொம்மலூரிலோ அப்பெயர் தாங்கி நிற்பவர் திருமால். இக்கோயிலின் சுவர்களிலும் தூண்களிலும் தமிழ்க் கல்வெட்டுக்கள் உள்ளன. தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டினம் என்றும் இவ்வூர் அவற்றில் வழங்கப்படுகிறது. போசள அரசன் வீரராமநாதன் காலமாகிய 13ஆம் நூற்றாண்டிலே, இவ்வட்டாரத்தில் தமிழ் எவ்வளவு இயல்பாக வழங்கியது என்பதற்கு அவை சான்று.

அக்கல்வெட்டுக்கள் கூறும் செய்தி பெரும்பாலும் ஒன்றே. இன்னார் நிலம் கொடுத்தார், இன்னார் வாயில்நிலை செய்து கொடுத்தார், அரசன் ஊர் வருவாயில் இத்தனை பொன் விட்டான் என்பதே அது. கொடுத்தவர் பெயரும் கொடுத்த பொருளும் கல்லில் ஏறின. பெங்களூர் மாவட்டத்துக் கல்வெட்டுக்களை ரைஸ் என்னும் அறிஞர் தொகுத்து வெளியிட்ட ஆண்டு 1905. அதே ஆண்டில்தான், கடல் கடந்த சிக்காகோ நகரில், வேறொரு வகைக் கொடைக்கு வித்திட்ட சிறு கூட்டம் ஒன்று கூடிற்று. இரண்டுக்கும் தொடர்பு எதுவுமில்லை. இருந்தபோதிலும் இவ்வொற்றுமையைக் குறிப்பிடாமல் செல்ல நமக்கு மனம் வரவில்லை.

1905ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர் தம் நண்பர் மூவருடன் சிக்காகோவில் ஓர் அலுவலக அறையில் கூடினார். ஒருவர் நிலக்கரி வணிகர், ஒருவர் சுரங்கப் பொறியாளர், மற்றொருவர் தையற்காரர். வெவ்வேறு தொழில் செய்வோர் ஒருவரையொருவர் அறிந்து நட்புக் கொள்ளல் வேண்டும் என்பதே முதல் நோக்கம். கூட்டம் ஒரே இடத்தில் நடவாமல் ஒவ்வொருவர் அலுவலகத்திலும் மாறி மாறி நடந்தது. அதனாலேயே 'சுழல்வது' என்று பொருள்படும் 'ரோட்டரி' என்னும் பெயர் உண்டாயிற்று. தமிழில் இதனைச் சுழற்கழகம் என்றும் சுழற்சங்கம் என்றும் எழுதுவர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்வாக்கம் நல்ல ஆக்கமாகவே தோன்றுகிறது. பெயர் பிறந்த காரணத்தை அது மறைக்கவில்லை. ஆனால் இன்று சங்கங்கள் ஒரே இடத்தில் கூடுகின்றன. எனவே பெயர் மட்டும் சுழல்கிறது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

நண்பர் கூட்டமாகத் தொடங்கிய இச்சங்கம் ஊர்ப்பணிக்குத் திரும்பியது எங்ஙனம்? சிக்காகோ நகரில் பொதுக் கழிப்பிடம் அமைக்க வேண்டும் என்று 1907இல் அது முயற்சி மேற்கொண்டது. உயர்ந்த இலட்சியம் பேசும் நிறுவனத்தின் முதற்பணி ஒரு கழிப்பிடம் என்று கேட்டுச் சிலர் புன்னகை செய்யலாம். நம் நகரங்களின் பேருந்து நிலையங்களில் ஒரு மணி நேரம் காத்திருந்தவர்கள் புன்னகை செய்யமாட்டார்கள். ஊருக்கு எது தேவையோ அதுவே பணி என்னும் தெளிவு அத்தொடக்கத்திலேயே இருந்தது.

இந்தியாவில் 1919இல் கல்கத்தாவிலும், 1929இல் சென்னையிலும், 1934இல் பெங்களூரிலும் சுழற்கழகங்கள் தோன்றின. கல்கத்தாவைச் சேர்ந்த நிதீஷ் லாஹரி 1962-63ஆம் ஆண்டில் உலகச் சுழற்கழகத்தின் தலைவரானார். அப்பொறுப்பை ஏற்ற முதல் ஆசியர் அவரே. இதையொத்த மற்றொரு நிறுவனமாகிய அரிமா சங்கம் 1917இல் மெல்வின் ஜோன்ஸ் என்பவரால் அதே சிக்காகோவில் தொடங்கப்பெற்று, 1956இல் பம்பாய் வழியாக இந்தியாவிற்கு வந்தது. கண்ணும் செவியும் இழந்த ஹெலன் கெல்லர் அம்மையார் 1925இல் அரிமா சங்கத்தார் மாநாட்டில், பார்வையற்றோர்க்கு உழைக்குமாறு வேண்டிக்கொண்டார். நம் ஊர்களில் அரிமா சங்கம் என்றவுடன் கண் மருத்துவ முகாம் நினைவுக்கு வருவது அவ்வேண்டுகோளின் விளைவு.

பெங்களூருக்குக் கொடை புதிதன்று. தண்டுப்பகுதியில் வாழ்ந்த ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் 1873இல் ஏழைப் பிள்ளைகளுக்கென்று பள்ளி நிறுவினார். அவர் பெயரால் கல்வி நிலையங்கள் இன்றும் நடக்கின்றன. இது கல்வெட்டு மரபின் தொடர்ச்சி எனலாம். பெருஞ்செல்வர் ஒருவர் தம் பொருளை வைத்து அறம் நிறுவுகிறார், அது அவர் பெயரால் நிலைக்கிறது. சேவைச் சங்கத்தின் முறை வேறு. அதில் பெருஞ்செல்வர் தேவையில்லை. மருத்துவர், பொறியாளர், வணிகர், ஆசிரியர், கணக்காளர் என நாற்பது ஐம்பது பேர் கூடுவர். பொருளோடு தத்தம் தொழில் திறமையையும் ஒவ்வொருவரும் கொண்டுவருவர். தலைவர் பதவி ஓராண்டுக்கே. ஜூலை முதல் நாள் ஒருவர் பதவி ஏற்றால் மறு ஆண்டு ஜூன் 30இல் இறங்கிவிட வேண்டும். பதவியில் எவரும் ஒட்டிக்கொள்ள இயலாத இவ்வேற்பாட்டை நாம் பாராட்டுகிறோம்.

ஆயின் குறையும் அங்கேதான் பிறக்கிறது. ஓராண்டுத் தலைவர் தம் ஆண்டில் கண்ணுக்குப் புலனாகும்படி ஏதேனும் செய்ய விரும்புவார். முன்னவர் தொடங்கியதைத் தொடர்வதில் புகழில்லை, புதியது தொடங்குவதில் புகழுண்டு. எனவே தையல் இயந்திரம் ஓராண்டு, சக்கர நாற்காலி மறு ஆண்டு, மரக்கன்று அதற்கடுத்த ஆண்டு. மரக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவார் யார் என்று கேட்பதற்குள் பதவி மாறிவிடும். பத்துப் பேருக்கு உதவி, இருபது பேருக்குப் பொன்னாடை, நாற்பது நிழற்படம் என்று ஊரார் கேலி செய்வதில் உண்மை இல்லாமலில்லை. கூட்டங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடப்பதும், சந்தாத் தொகை எளியவர்க்கு எட்டாமலிருப்பதும் வேறு குறைகள். பெண்களை அங்கத்தினராகச் சேர்ப்பதற்கே உலகச் சுழற்கழகம் 1989 வரை காத்திருந்தது. அதற்கும் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1987ஆம் ஆண்டுத் தீர்ப்பு வேண்டியிருந்தது. 2022-23இல்தான் பெண் ஒருவர் முதன்முதலாக அதன் உலகத் தலைவரானார்.

இக்குறைகளை மனத்திற் கொண்டு, தொம்மலூரின் அண்டையிலே நடைபெற்றுவரும் ஒரு பணியைப் பார்த்தல் தகும். தொம்மலூருக்கு வடகிழக்கே, ஜீவன் பீமா நகரை அடுத்த புதிய திப்பசந்திராவில், 'ரோட்டரி பெங்களூர் – டி. டி. கே. குருதி வங்கி' என்னும் நிலையம் உள்ளது. அதனை நடத்துவது 1984இல் தோன்றிய பெங்களூர் மருத்துவச் சேவை அறக்கட்டளை. சுழற்கழகத்தின் பெயரும், டி. டி. கே. தொழிற்குழுமத்தின் பெயரும் நிலையத்தின் பெயரில் இடம்பெற்றுள்ளன. ஆனால் அன்றாடப் பொறுப்பு அறக்கட்டளையைச் சேர்ந்தது. ஆண்டுதோறும் சங்கத்தலைவர் மாறினாலும் குருதி வங்கியின் குளிர்ப்பெட்டி மாறுவதில்லை. தொடங்குவதற்குச் சங்கம், தொடர்வதற்கு அறக்கட்டளை என்ற இப்பிரிவினை, மேலே கூறிய ஓராண்டு நோய்க்குத் தக்க மருந்தாகும்.

குருதி வங்கி ஏன் வேண்டியதாயிற்று என்பதை அறிய, சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். குருதியில் வகைகள் உண்டு என்பதை வியன்னாவில் கார்ல் லான்ட்ஸ்டைனர் 1901இல் வெளியிட்டார். வகை பொருந்தாத குருதியை ஏற்றினால் நோயாளி உயிரிழக்க நேரும் என்பதற்கு அப்போதுதான் காரணம் புலப்பட்டது. அவர் பிறந்த ஜூன் 14ஆம் நாளையே உலகக் குருதிக் கொடையாளர் நாளாகக் கொண்டாடுகிறோம். அறிவியல் வழி காட்டிவிட்டது. குருதி கிடைக்கும் வழியோ நம் நாட்டில் நெடுங்காலம் சீர்ப்படவில்லை. மருத்துவமனை வாயில்களில் காசுக்குக் குருதி விற்போர் இருந்தனர். பசியால் விற்றவர் பலர். போதைப் பழக்கத்தால் விற்றவரும் உண்டு. விற்றவர் உடல் தேறுமுன் மீண்டும் விற்றார். அவருக்குத் தரகரும் இருந்தார். காசு வேண்டியவர் தம் நோயை மறைப்பார் என்பதை எவரும் எளிதில் உணரலாம். 1986இல் சென்னையில் எய்ட்ஸ் நோய்க் கிருமி இந்தியாவில் முதன்முறையாகக் கண்டறியப்பட்ட பிறகு, இவ்வணிகம் எத்துணைக் கேடு விளைக்கும் என்பது அரசுக்கும் மக்களுக்கும் உறைத்தது.

'காமன் காஸ்' என்னும் பொதுநல அமைப்புத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. அதன்படி 1998 ஜனவரி முதல் நாளிலிருந்து காசு பெற்றுக் குருதி கொடுப்பது நாடெங்கும் நிறுத்தப்பட்டது. நல்ல தீர்ப்பு என்பதில் ஐயமில்லை. ஆயினும் விற்பவரை விலக்கிவிட்டால் கொடுப்பவரைத் தேட வேண்டுமல்லவா? நீதிமன்றம் தடை விதிக்கலாம், கொடையாளரை உண்டாக்க அதனால் இயலாது. அங்கேதான் பேட்டைதோறுமுள்ள சேவைச் சங்கத்திற்கு உண்மையான வேலை பிறந்தது.

குருதி கொடுக்கும் முறையை நேயர்கள் அறிந்திருப்பது நலம். கொடுப்பவர் 18 வயதுக்கு மேற்பட்டு 65 வயதுக்கு உட்பட்டிருக்க வேண்டும். எடை 45 கிலோவுக்குக் குறையலாகாது. குருதிச் சிவப்பு, நூறு மில்லி லிட்டரில் 12.5 கிராமேனும் இருக்க வேண்டும். வளர்ந்த ஒருவர் உடலில் ஏறக்குறைய ஐந்து லிட்டர் குருதி ஓடுகிறது. எடுப்பதோ 350 மில்லி லிட்டர். எடை 55 கிலோவுக்கு மேற்பட்டவரிடம் 450 வரை எடுக்கலாம். இழந்த நீர்ப்பகுதி ஓரிரு நாளில் நிரம்பிவிடுகிறது. சிவப்பணுக்கள் நிரம்பச் சில வாரங்களாகும். ஆகவே ஆடவர் மூன்று மாதத்திற்கும் பெண்டிர் நான்கு மாதத்திற்கும் ஒரு முறைக்கு மேல் கொடுக்கலாகாது என்று விதி வகுத்துள்ளனர். எடுத்த குருதியை எய்ட்ஸ், இருவகை மஞ்சட்காமாலை, மேகநோய், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதித்த பின்னரே பயன்படுத்துவர்.

அக்குருதி அப்படியே நோயாளிக்குச் செல்லும் என்று பலர் எண்ணுகின்றனர். இக்காலத்தில் அவ்வாறு செய்வது அரிது. சுழல் இயந்திரத்தில் இட்டு அதனை மூன்றாகப் பிரிக்கின்றனர். (இங்கும் ஒரு சுழற்சி!) சிவப்பணுக்கள் குளிர்ப்பெட்டியில் 42 நாள் வரை தாங்கும். நிணநீரை உறையவைத்து ஓராண்டு காக்கலாம். குருதி உறைவதற்கு உதவும் தட்டணுக்களோ ஐந்தே நாள்தான் தாங்கும். அதுவும் குளிரில் அன்று, 22 பாகை வெப்பத்தில், இடைவிடாது மெல்ல அசைத்துக்கொண்டேயிருக்க வேண்டும். தொட்டிலாட்டுவது போன்று ஓர் இயந்திரம் அவ்வேலையைச் செய்கிறது. ஞாயிற்றுக்கிழமை தொம்மலூரில் முகாம் நடந்தால், அன்று கிடைத்த தட்டணுக்கள் வெள்ளிக்கிழமைக்குள் ஒரு நோயாளியின் உடலில் சேர்ந்தாக வேண்டும், இல்லையேல் வீணாகும். மழைக்காலத்தில் டெங்குக் காய்ச்சல் பெங்களூரில் பரவும்போது இந்த ஐந்து நாட்களின் அருமை மருத்துவமனைகளுக்கு நன்கு தெரியும்.

இந்த நாட்கணக்கே நாம் இக்கட்டுரையில் வலியுறுத்த விரும்பும் பொருள். சங்கங்கள் பெருமுகாம் நடத்த விரும்புகின்றன. ஒரே நாளில் ஆயிரம் பேர் கொடுத்தனர் என்று செய்தித்தாளில் வரும். தலைவர்கள் பிறந்தநாளில் அதனினும் பெரிய எண்ணிக்கை வரும். மேடையும் கொடியும் ஒலிபெருக்கியும் குறைவின்றி இருக்கும். ஆனால் அன்றைய ஆயிரம் பைகளுள் ஒருபகுதி, தேவைக்கு மேற்பட்டு, நாள் கடந்து கொட்டப்படலாம். கொடுத்த ஆயிரவரும் அடுத்த மூன்று மாதம் கொடுக்க இயலாதவர். அவ்விடைக்காலத்தில் விபத்துக்கு உள்ளானவரை எவர் காப்பார்? மாதந்தோறும் எண்பது பேர் கொடுக்கும் சிறுமுகாம், ஆண்டுக்கொரு முறை நிகழும் ஆயிரவர் விழாவைக் காட்டிலும் மிக்க பயனுடையது. இதனைக் கணக்குத் தெரிந்த எவரும் ஒப்புவர். ஆயினும் சிறுமுகாமிற்குச் செய்தியாளர் வருவதில்லை.

தலசீமியா என்னும் பிறவிக் குருதிநோயை எடுத்துக்கொள்வோம். தாயும் தந்தையும் அந்நோயின் கூற்றை வெளித்தெரியாமல் சுமந்திருந்தால், பிள்ளைக்கு நோய் முழுமையாக வரக்கூடும். அப்பிள்ளையின் உடல் போதிய குருதிச் சிவப்பை உண்டாக்காது. இரண்டு முதல் நான்கு வாரத்திற்கு ஒருமுறை சிவப்பணு ஏற்ற வேண்டும், அதுவும் வாழ்நாள் முழுவதும். மூன்று வாரத்திற்கு ஒரு பை என்று கொண்டாலும் ஆண்டுக்குப் பதினேழு பை வேண்டும். ஓர் ஆடவர் ஆண்டுக்கு நான்கு முறைக்கு மேல் கொடுக்க இயலாது. எனவே, ஒரு சிறுபிள்ளை பள்ளிக்குச் சென்றுவர, குறைந்தது ஐந்து பேர் ஆண்டு முழுவதும் தவறாமல் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். பிள்ளை வளர வளரத் தேவையும் வளரும். பிறந்தநாள் விழாவில் உணர்ச்சிவசப்பட்டு ஒருமுறை கொடுப்பவரால் இத்தேவை நிறைவேறாது.

முகாம் நாளில் சங்க அங்கத்தினர் செய்வது என்ன என்று கேட்கலாம். ஊசி குத்துவதும் சோதிப்பதும் குருதி வங்கியின் மருத்துவரும் செவிலியரும் செய்வன. சங்கத்தார்க்கு உரியது அதற்கு முந்திய உழைப்பு. காற்றும் வெளிச்சமும் தண்ணீரும் உள்ள கூடம் ஒன்றைப் பெற வேண்டும். பள்ளியோ, கோயில் மண்டபமோ, அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையோ எதுவாயினும் ஆகும். வீடுவீடாகச் சென்று சொல்ல வேண்டும். தொம்மலூர் போன்ற இடத்தில் இதனைக் கன்னடத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் சொல்ல வேண்டும். அண்மைக்கால அடுக்குமாடி வாசிகளுக்கு இந்தியிலும் ஆங்கிலத்திலும் சொல்ல வேண்டும். வந்தவர்க்குப் படிவம் நிரப்ப உதவவேண்டும். அஞ்சியவரிடம் அமைதியாகப் பேச வேண்டும். குருதி குறைவு என்று திருப்பி அனுப்பப்பட்டவரை, சிறப்பாகப் பெண்களை, மனம் நோகாமல் மருத்துவரிடம் செல்லச் சொல்ல வேண்டும். இக்கடைசி வேலையை நாம் பெரிதாக மதிக்கிறோம். தம் உடலில் குருதிச் சிவப்பு குறைவு என்பதையே முகாமில்தான் முதன்முறையாக அறியும் பெண்கள் உளர்.

எல்லாவற்றிற்கும் மேலாக, பெயர்ப்பட்டியல் வேண்டும். யார் எந்த வகை, கடைசியாக எப்போது கொடுத்தார் என்னும் பட்டியலை ஒழுங்காக வைத்திருக்கும் சங்கமே உண்மையில் பணி செய்யும் சங்கம். இந்தியாவில் நூற்றுக்கு ஏறக்குறைய ஐவரே எதிர்க்காரணி வகையினர். அவரினும் அரியவர் பம்பாய் வகையினர். 1952இல் மருத்துவர் பெண்டேயும் அவர் தோழரும் பம்பாயில் கண்டறிந்து உலகிற்கு அறிவித்த வகை இது. வழக்கமான சோதனையில் இவர் 'ஓ' வகையினர் போலத் தோன்றுவர். ஆனால் 'ஓ' வகைக் குருதியும் இவருக்கு ஆகாது. தம் வகையினரிடமிருந்து மட்டுமே பெற இயலும். இந்தியாவில் பதினாயிரம் பேரில் ஒருவர் என்று மதிப்பிடுவர். அத்தகையவர்க்கு நள்ளிரவில் அறுவை மருத்துவம் நேர்ந்தால் மேடையும் கொடியும் உதவா, ஒரு பழைய பதிவேட்டில் எழுதியிருக்கும் தொலைபேசி எண் உதவும்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது கூற விழைகிறோம். நோயாளியின் உறவினர் குருதி வங்கியில் ஒரு பை பெறும்போது, ஈடாகத் தம் உறவினர் ஒருவரைக் கொடுக்கச் சொல்வது பல இடங்களில் வழக்கம். இவ்வாறு கொடுப்பவரை 'ஈட்டுக் கொடையாளர்' என்று நாம் மொழிபெயர்க்கிறோம். ஈடு என்றும் கொடை என்றும் ஒரே தொடரில் சேர்வது முரண்பாடு. ஆனால் அம்முரண் மொழிபெயர்ப்பின் குற்றமன்று, நடைமுறையின் குற்றம். வெளியூரிலிருந்து பெங்களூருக்கு வேலைக்கு வந்த கொத்தனாரின் மனைவி பேறுகால மருத்துவமனையில் கிடக்கும்போது, ஈடு கொடுக்க அவருக்கு உறவினர் யார் உளர்? ஊரில் உறவு மிகுந்தவர்க்கு எளிதாகவும், உறவற்றவர்க்கு அரிதாகவும் குருதி கிடைக்குமாயின், பழைய தரகர் வேறு வேடத்தில் திரும்பிவருவார். தாமாக முன்வந்து கொடுப்போர் பெருகப் பெருக ஈடு கேட்கும் தேவை குறையும். ரிச்சர்டு டிட்மஸ் என்னும் ஆங்கிலப் பேராசிரியர் 1970இல் வெளியிட்ட நூலில், காசு பெறாமல் கொடுக்கும் குருதியே தூயது என்றும், அதனை வணிகமாக்கும் நாடு குருதியின் தரத்தையும் இழக்கும் என்றும் வாதிட்டார். நம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது அதற்குக் கால் நூற்றாண்டு பின்னர்.

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கொரோனா நோயின் பொருட்டு நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது, இவ்வேற்பாடு முழுவதும் சோதனைக்குள்ளாயிற்று. கல்லூரிகளும் கணினித் தொழில் நிலையங்களும் மூடப்பட்டன. பெங்களூரில் பெரும்பாலான முகாம்கள் நடந்துவந்தது அவ்விடங்களிலேதான். ஒத்திவைக்கத்தக்க அறுவை மருத்துவம் ஒத்திவைக்கப்பட்டது. ஆனால் பேறுகாலம் ஒத்திவைக்கப்படுவதில்லை, தலசீமியாப் பிள்ளையின் மூன்று வாரமும் அப்படியே. அந்நாளில் நாடெங்கும் குருதி வங்கிகளின் இருப்புச் சுருங்கியது. அலுவலக முகாம்களை மட்டும் நம்பியிருப்பது எவ்வளவு இடருடையது என்பதும், வீட்டுக்கு அருகே பேட்டைதோறும் ஒரு பட்டியல் இருப்பது எவ்வளவு நல்லது என்பதும் அப்போது விளங்கின. நடந்து வரக்கூடிய தொலைவில் கொடையாளர் இருந்தால், ஊரடங்கிலும் ஒருவர் பின் ஒருவராக அவரை வரவழைக்க இயலும்.

சங்கங்கள் விடாமுயற்சியோடு ஒரே பணியைப் பற்றி நின்றால் என்ன நிகழும் என்பதற்கு இளம்பிள்ளை வாதம் என்னும் போலியோ ஒழிப்பும் சான்று. 1985இல் உலகச் சுழற்கழகம் இப்பணியை ஏற்றது. 1988இல் உலக நலவாழ்வு நிறுவனமும் பிற அமைப்புக்களும் அதனோடு கைகோத்தன. அவ்வாண்டில் உலகில் ஏறத்தாழ மூன்றரை இலட்சம் பேர் அந்நோயால் முடங்கினர் என்று மதிப்பிட்டுள்ளனர். இந்தியாவில் 1995 டிசம்பரில் நாடளாவிய சொட்டுமருந்து நாட்கள் தொடங்கின. அரசு மருந்தும் பணியாளரும் அளித்தது. கூடாரம் போடவும், வராத வீட்டைத் தேடிச் செல்லவும், ஐயுற்ற தாய்மாரிடம் பேசவும் பேட்டைச் சங்கத்தார் உடன் நின்றனர். 2009ஆம் ஆண்டிலும் இந்நாட்டில் 741 குழந்தைகள் அந்நோய்க்கு இரையாயினர். 2011 ஜனவரி 13ஆம் நாள் மேற்கு வங்கத்து ஹௌரா மாவட்டத்தில் கண்ட நோயே கடைசி. 2014 மார்ச்சு 27ஆம் நாள் இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியப் பகுதி போலியோ அற்றது என்று உலக நலவாழ்வு நிறுவனம் சான்றளித்தது. தொடக்கத்திலிருந்து எண்ணினால் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள், அதாவது ஒவ்வொரு சங்கத்திலும் முப்பது தலைவர்கள். ஒவ்வொருவரும் முன்னவர் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தனர். ஓராண்டு நோயைச் சங்கங்களே வெல்ல முடியும் என்பது இதனால் தெரிகிறது.

ஆனால் போலியோவுக்கு ஒரு முடிவு உண்டு, குருதித் தேவைக்கு முடிவில்லை. ஒரு பகுதியில் வாழும் மக்களில் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில் ஆண்டுதோறும் குருதிப்பை கிடைத்தால் அடிப்படைத் தேவை நிறைவேறும் என்று வல்லுநர் மதிப்பிடுவர். இது பெரிய எண்ணன்று. ஐந்நூறு வீடுகள் உள்ள ஓர் அடுக்குமாடித் தொகுதியில் இரண்டாயிரம் பேர் வாழ்கின்றனர் என்று கொண்டால், இருபது பைகளே அதன் பங்கு. பெருநகரிலோ வெளியூர் நோயாளிகளும் வந்து சேர்வதால் அதனினும் மிகுதியாக வேண்டும். தொம்மலூர்க்காரர் கொடுத்த பை கோலாரிலிருந்து வந்தவருக்கோ கிருஷ்ணகிரியிலிருந்து வந்தவருக்கோ போய்ச் சேரலாம். பையின் மீது ஒட்டும் சீட்டில் வகையும் எண்ணும் எடுத்த நாளும் காலாவதி நாளும் இருக்கும். கொடுத்தவர் பெயர் இராது. சொக்கநாதசுவாமி கோயிலில் வாயில்நிலை கொடுத்தவர்க்குக் கல்வெட்டு உண்டு, இவருக்கு இல்லை.

மே, ஜூன் மாதங்களில் பெங்களூரின் கல்லூரிகள் விடுமுறையில் இருக்கும், குடும்பங்கள் ஊருக்குச் சென்றிருக்கும். குருதி வங்கிகளின் இருப்புக் குறைவது அப்போதே. அக்டோபர் முதல் நாள் தேசியத் தன்னார்வக் குருதிக்கொடை நாளாகையால் அதனையொட்டி முகாம்கள் பெருகும். எனவே நேயர்களுள் கொடுக்க எண்ணுவோர் கோடையைத் தேர்ந்துகொள்வது சாலச் சிறந்தது. வெறும் வயிற்றோடு செல்லலாகாது. கொடுத்த பின் கால் மணி நேரம் அமர்ந்து, தண்ணீர் நிறையப் பருகி, அன்று ஒருநாள் கடும் உழைப்பைத் தவிர்க்க வேண்டும். முகாமில் தரும் அட்டையைப் பத்திரப்படுத்துதல் வேண்டும். ஜூன் 14ஆம் நாள் குருதி கொடுத்த ஆடவர் செப்டம்பர் 12ஆம் நாளும், பெண்மணி அக்டோபர் 12ஆம் நாளும் மீண்டும் கொடுக்கலாம். அந்நாளையும் அவ்வட்டையிலேயே குறித்து வைத்துக்கொள்ளலாம்.